அரசு வேலை எடுக்க என்னென்ன பதிவு வேண்டும்? சிறு தொழில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சி பக்கம் சிறு பட்டறைகளுக்கும் காண்டிராக்டர்களுக்கும் கணக்கு எழுதுவதும், டெண்டர் காகிதம் தயார் செய்துகொடுப்பதும் என் வேலை. வாரத்துக்கு நான்கைந்து பேராவது ஒரே மாதிரிக் கேள்விகளோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

அரசு காண்டிராக்ட் எடுக்க எங்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "அரசு ஒப்பந்ததாரர் பதிவு" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதிவு கிடையாது. நீங்கள் விற்பது பொருளா, சேவையா, கட்டுமான வேலையா என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். வாங்குவது மத்திய அரசா மாநில அரசா என்பதைப் பொறுத்து இன்னொரு முறை மாறும்.

ஸ்டீல் மேசை செய்பவருக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவும், அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஜெம் தளத்தில் கணக்கும் வேண்டும் (இரண்டைப் பற்றியும் கீழே சொல்கிறேன்). பள்ளிக் கட்டடம் கட்டுபவருக்குப் பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரர் பதிவு வேண்டும். ரயில்வேக்குச் சப்ளை என்றால் அவர்களுடைய கொள்முதல் தளமான ஐரெப்ஸ். மத்தியப் பொதுத்துறை நிறுவனமான திருச்சி பெல்லுக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும் என்றால் அவர்களுடைய சப்ளையர் பதிவு தனி. பெல் பக்கத்திலேயே இருக்கும் துவாக்குடிப் பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே "எங்கே பதிவது" என்பதற்கு முன்னால் "யாருக்கு விற்கப் போகிறேன்" என்று முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்து ஆறு பதிவுகளைச் செய்து வைத்துக்கொண்டு ஒரு டெண்டர்கூடப் போடாதவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எந்தப் பாதையானாலும் பொதுவாகத் தேவைப்படுவது என்ன?

பான், நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த சான்று, டிஜிட்டல் கையொப்பம். பொருள் விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம், சேவையில் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்பது சட்டம். ஆனால் பெரும்பாலான டெண்டர்களில் ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். அரசுப் பக்கம் போவது என்று தீர்மானித்துவிட்டால் எடுத்துவிடுவதே நல்லது.

தனிநபர் நிறுவனமாக இருக்கலாமா, கம்பெனியாகத்தான் இருக்க வேண்டுமா?

தனிநபராகவே இருக்கலாம். கூட்டு நிறுவனம் என்றால் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதியாத பத்திரத்தை வைத்துக்கொண்டு டெண்டர் போட்டால் கேள்வி வரும். பிரைவேட் லிமிடெட் ஆக்கினால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வருடா வருடம் ஆகும் ஆடிட் செலவையும் கணக்கில் எடுங்கள்.

நிறைய பேருக்கு எங்கே அடி விழுகிறது?

பெயரில். சிரிக்காதீர்கள், உண்மை.

ஜிஎஸ்டியில் "முருகன் இன்ஜினியரிங்" என்று இருக்கும். வங்கியில் "ஸ்ரீ முருகன் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்" என்று இருக்கும். உத்யம் சான்றிதழில் வேறு மாதிரி எழுத்துக்கூட்டல். பானில் உரிமையாளரின் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். நமக்கு எல்லாம் ஒன்றுதான். டெண்டரைப் பரிசீலிப்பவருக்கு நான்கும் நான்கு நிறுவனங்கள். ஆன்லைன் தளங்களோ பானையும் ஆதாரையும் தாங்களே ஒப்பிட்டுப் பார்த்து, ஓர் எழுத்து இடித்தாலும் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு வாடிக்கையாளருக்காக நானே இதில் சறுக்கியிருக்கிறேன். விலை எங்களுடையதுதான் குறைவு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அனுபவச் சான்று அவருடைய அப்பா காலத்துப் பழைய நிறுவனப் பெயரில் இருந்தது. தகுதிக் காகிதங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உறையிலேயே கழித்துவிட்டார்கள். விலை உறையைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் வேலை, எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பிப் பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் ஒப்பிடுவதுதான். வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

உத்யம் பதிவு என்றால் என்ன? எவ்வளவு செலவாகும்?

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த உத்யோக் ஆதார் இப்போது செல்லாது.

செலவு பூஜ்யம். ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆதாரும் பானும் போதும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். 1,500, 3,000 என்று வாங்கிக்கொண்டு அதே இலவசப் படிவத்தை நிரப்பித் தருவார்கள். தள முகவரி "கவ்.இன்" (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் உதவுவார்கள்.

புதுப்பிக்கவும் தேவையில்லை. ஆனால் முகவரி, தொழில் ஏதாவது மாறினால் நீங்கள்தான் போய்த் திருத்த வேண்டும்.

குறு, சிறு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இயந்திரத் தளவாட முதலீடு, ஆண்டு விற்றுமுதல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பு இது: குறுந்தொழிலுக்கு முதலீடு 2.5 கோடி வரை, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறுதொழிலுக்கு 25 கோடி, 100 கோடி. நடுத்தரத் தொழிலுக்கு 125 கோடி, 500 கோடி. இரண்டில் ஒன்று தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடுவீர்கள். ஏற்றுமதி விற்பனையை விற்றுமுதலில் சேர்ப்பதில்லை.

நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை குறுந்தொழில்தான். கொள்முதல் சலுகைகள் குறுந்தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். நடுத்தரத் தொழிலுக்கு இல்லை.

உத்யம் இருந்தால் டெண்டரில் என்ன லாபம்?

2012இல் மத்திய அரசு ஒரு கொள்முதல் கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் இது 20 சதவீதமாக இருந்தது, 2018இல் உயர்த்தினார்கள். இந்த 25க்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 சதவீதமும், பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 சதவீதமும் உள்ஒதுக்கீடு. இது போக 358 பொருட்களைக் குறு, சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று தனிப் பட்டியலும் இருக்கிறது.

டெண்டர் படிவம் இலவசம். டெண்டரோடு முன்கூட்டியே கட்டிவைக்கும் முன்வைப்புத் தொகை, அதாவது எல்லோரும் ஈஎம்டி என்று சொல்வது, கட்ட வேண்டாம். மத்திய அரசு டெண்டர்களில் இது பொதுவாக மதிப்பில் 2 முதல் 5 சதவீதம். 50 லட்ச ரூபாய் டெண்டரில் ஒரு லட்சமாவது மாதக் கணக்கில் முடங்கிக் கிடக்கும். சின்னப் பட்டறைக்கு அது இரண்டு மாதச் சம்பளம்.

அப்புறம் விலைச் சலுகை. ஒரு பெரிய கம்பெனி 100 ரூபாய்க்குக் குறைந்த விலை போட்டிருக்கிறது, நீங்கள் 112 போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் விலை முதல் விலையைவிட 15 சதவீதத்துக்குள் இருப்பதால், "நீங்களும் 100க்குத் தருகிறீர்களா?" என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் மொத்தத் தேவையில் 25 சதவீதம் உங்களுக்கு. கவனியுங்கள், 112 கிடைக்காது, 100தான் கிடைக்கும். கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

நான் வாங்கி விற்கிற வியாபாரி. எனக்கும் இது கிடைக்குமா?

கிடைக்காது. 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். கொள்முதல் சலுகைகள் உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. உற்பத்தி செய்பவர்களே பதியும்போது தவறான தொழில் குறியீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சான்றிதழில் "டிரேடிங்" என்று வாங்கிவந்து நிற்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் அவசரமாகப் போட்டதாக இருக்கும். உங்கள் சான்றிதழை இப்போதே எடுத்து, முக்கியத் தொழில் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் அதே தளத்தில் திருத்தலாம், அதற்கும் கட்டணமில்லை.

கட்டட வேலைக்கு ஈஎம்டி விலக்கு உண்டா?

மத்திய அரசின் இந்தக் கொள்கை பொருட்களுக்கும் சேவைகளுக்கும் உரியது. கட்டுமான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. உத்யம் இருக்கிறது என்று ஈஎம்டி கட்டாமல் கட்டட டெண்டர் போட்டுக் கழிக்கப்பட்டவர்கள் ஏராளம்.

மனைவி பெயரில் தொடங்கினால் மகளிர் சலுகை கிடைக்குமா?

தனிநபர் நிறுவனமாக இருந்தால் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனத்திலும் பிரைவேட் லிமிடெட்டிலும் பெண்களின் பங்கு குறைந்தது 51 சதவீதம். காகிதத்தில் இது நிரம்பிவிட்டால் கிடைக்கும்.

ஆனால் பெயருக்கு மட்டும் மனைவியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் தானே செய்பவர்களைப் பார்க்கும்போது ஒன்று சொல்லத் தோன்றும். கையெழுத்து அவருடையது, வரி நோட்டீஸ் வருவது அவர் பெயருக்கு, கடன் அவர் தலையில். அவருக்கு அந்தக் கணக்கு வழக்கு தெரிந்திருக்க வேண்டாமா? என் வாடிக்கையாளர்களில் ஓர் அம்மா அப்படிப் பெயருக்கு வந்தவர்தான். இன்று ரேட் போடுவதே அவர்தான். கணவர் லேத் மெஷினோடு சரி.

ஜெம் என்பது என்ன?

மத்திய அரசு அலுவலகங்கள் பொருளும் சேவையும் வாங்கும் ஆன்லைன் சந்தை. 2016 ஆகஸ்டில் தொடங்கியது. பேப்பர் கிளிப்பிலிருந்து ஆட்களை வைத்துத் துப்புரவுப் பணி செய்துகொடுப்பது வரை எல்லாம் அதில் போகிறது. ஜெம்மில் கிடைக்கும் பொருளை மத்திய அரசுத் துறைகள் ஜெம் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்பது விதி.

பதிவு இலவசம். ஆனால் பதிந்துவிட்டால் ஆர்டர் வந்துவிடும் என்று இருக்காதீர்கள். உங்கள் பொருளை அதற்குரிய வகையில், அவர்கள் கேட்கும் அளவுகளோடு பட்டியலிட வேண்டும். இரும்பு பீரோ என்றால் தகட்டின் தடிமன், பூட்டின் வகை, பெயின்ட், பிஐஎஸ் தரம் எல்லாம் கேட்கும். இதை அக்கறையில்லாமல் நிரப்பினால், வாங்குபவர் தேடும்போது உங்கள் பொருள் கண்ணிலேயே படாது. ஜெம்மில் கடை திறந்து மூன்று வருடமாகியும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

குறு, சிறு தொழில் என்பதற்கான கொள்முதல் முன்னுரிமையை அந்தத் தளத்திலும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். உத்யம் எண்ணைக் கொடுத்தாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாடு அரசு டெண்டர்கள் எப்படி?

இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். விதிகள் 2000இல் வந்தன. நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இதில் உண்டு. 2 கோடி வரையிலான டெண்டர் என்றால் விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, முடிவில் உங்களுக்கு அநியாயம் நடந்ததாக நினைத்தால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்தே நாள். பதினோராம் நாள் வந்து என்னிடம் புலம்பிப் பயனில்லை.

டெண்டர்களைப் பார்க்கவும் போடவும் டிஎன்டெண்டர்ஸ் தளம். சிறுதொழில்களுக்கு ஈஎம்டி விலக்கு மாநில டெண்டர்களிலும் வருவதுண்டு. ஆனால் எந்தப் பொருளுக்கு, என்ன சான்றோடு என்பதை அந்தந்த டெண்டர் ஆவணத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னார் என்பது ஆவணமாகாது.

பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிய என்ன வேண்டும்?

முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருக்கிறது. வகுப்புக்கு ஒரு மதிப்பு வரம்பு. அந்த வரம்புக்குள் உள்ள வேலைகளைத்தான் நீங்கள் எடுக்க முடியும். புதிதாக வருபவர் கீழ் வகுப்பில் தொடங்கி, செய்த வேலைகளைக் காட்டி மேலே ஏறுவதுதான் வழக்கம். நெடுஞ்சாலைத் துறையிலும் குடிநீர் வடிகால் வாரியத்திலும் பதிவு தனித்தனி.

கேட்கும் காகிதங்களில் அதிக நாள் இழுப்பது சொத்து மதிப்புச் சான்று, பேச்சுவழக்கில் சால்வன்சி. உங்கள் பெயரில் வில்லங்கமில்லாத நிலமோ வீடோ இருந்து, அதன் மதிப்பை வட்டாட்சியர் சான்றளிக்க வேண்டும். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். சொத்து அப்பா பெயரில், பட்டா தாத்தா பெயரில் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள். மின் வேலைக்கு மின் ஒப்பந்ததாரர் உரிமமும், காவலாளிகள் சப்ளை செய்யத் தனியார் பாதுகாப்பு முகமை உரிமமும் கூடுதலாக வேண்டும்.

அனுபவம் கேட்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?

நியாயமான எரிச்சல். பொருள், சேவை டெண்டர்களில் குறு, சிறு தொழில்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் முன் அனுபவத்தையும் விற்றுமுதலையும் தளர்த்த மத்திய அரசு விதிகளில் இடமுண்டு. தரத்தில் சமரசம் இல்லாத அளவுக்கு, டெண்டர் விடுபவர் விரும்பினால் தளர்த்தலாம் என்பதுதான் அதன் பொருள். உரிமையாகக் கேட்க முடியாது.

கட்டட வேலையில் பலரும் போகும் வழி, பெரிய காண்டிராக்டரிடம் உள்ஒப்பந்தமாகச் சில வேலை செய்வது. அந்த வேலைக்கு ஜிஎஸ்டி பில் போட்டு, வங்கி வழியாகப் பணம் வாங்கி, சான்றும் எழுதி வாங்கிவிடுங்கள். ரொக்கமாக வாங்கிய வேலை அனுபவக் கணக்கில் வராது.

டிஜிட்டல் கையொப்பம் எந்த வகை?

கிளாஸ் 3. கிளாஸ் 2 என்பது 2021 ஜனவரி 1 முதல் வழங்கப்படுவதில்லை. கையொப்பம், குறியாக்கம் இரண்டும் சேர்ந்ததாக வாங்குங்கள். யுஎஸ்பி டோக்கனில் வரும். அதை ஆடிட்டர் ஆபீஸிலோ பிரவுசிங் சென்டரிலோ விட்டுவைக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான். என்னிடம் விட்டுப்போக வந்தவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆன்லைனில் டெண்டர் போடும்போது எதில் கவனம் வேண்டும்?

விலைப் பட்டியலுக்கான எக்செல் கோப்பைத் தளத்திலிருந்து இறக்கி, அதிலேயே நிரப்பி ஏற்ற வேண்டும். கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. கடைசியில் "ஃப்ரீஸ் பிட்" என்ற பொத்தானை அழுத்தினால்தான் டெண்டர் சமர்ப்பித்ததாகக் கணக்கு. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அதை அழுத்தாமல் எழுந்து போனவர்கள் உண்டு.

நேரம், அவர்கள் சர்வரின் நேரம்தான். மூன்று மணிக்கு முடிகிறது என்றால் முதல் நாளே போடுங்கள். இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போகும். அது எங்கள் ஊர் வழக்கம்.

என் அண்ணன் அதே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். போடலாமா?

பல டெண்டர்களில் நெருங்கிய உறவினர் அந்த அலுவலகத்தில் இருக்கிறாரா என்று உறுதிமொழி கேட்பார்கள். தடை என்றால் போடாதீர்கள், தெரிவித்தால் போதும் என்றால் தெரிவியுங்கள். மறைத்துப் பிறகு வெளியானால் வேலையும் போகும், கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறும், அண்ணன் வேலைக்கும் ஆபத்து.

வேலை கிடைத்துவிட்டது. பணம் எப்படி வரும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

20 லட்ச ரூபாய்க் கட்டட வேலை, நீங்கள் தனிநபர் காண்டிராக்டர் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், 20,000. ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், 40,000. ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் அரசுத் துறைகள் இதைப் பிடித்தாக வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், 20,000. இவை போகப் பாதுகாப்பு வைப்பாகவும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, பராமரிப்புக் காலம் முடிந்த பிறகே தருவார்கள். முதல் இரண்டு பிடித்தங்களையும் நீங்கள் வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் போய் அந்தப் பிடித்தத்தை "ஏற்கிறேன்" என்று ஒப்புக்கொண்டால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டில் வந்து சேரும். ஆண்டுக்கணக்கில் ஏற்காமல் விட்டுவைத்த பணத்தை நான் எடுத்துக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்து ஜிஎஸ்டி. அரசுக் கட்டட வேலைக்கு 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். பழைய 12 சதவீதத்தை மனதில் வைத்து ரேட் போட்டவர்கள் அந்த வருடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பில் போட்டுவிட்டால், துறை பணம் தந்தாலும் தராவிட்டாலும், மாதாந்தரக் கணக்குத் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு 3.6 லட்சம். சிமென்ட், கம்பிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டாலும் மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். ஆகவே செய்த வேலையைத் துறையினர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகி, பில் பாஸாகும் கட்டத்தைப் பார்த்து வரி பில் போடுவதுபற்றி உங்கள் கணக்கரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பொருள் கொடுத்து ஆறு மாதமாகிறது, பணம் வரவில்லை. என்ன செய்வது?

குறு, சிறு தொழில் என்றால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம். அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு. இதற்கென உள்ள மத்திய அரசுத் தளத்தில் புகார் பதியலாம். அது இப்படிப்பட்ட பணத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் வசதி மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்த மன்றங்கள் இருக்கின்றன.

இதற்கு உத்யம் பதிவு முன்பே இருந்திருக்க வேண்டும். பொருளைக் கொடுத்துவிட்டு, தகராறு வந்தபிறகு பதிந்துகொண்டு போனால் பழைய சப்ளைக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினம். ஆர்டரே வராவிட்டாலும் உத்யமை இன்றே பதிந்துவையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்று தயங்குபவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முதலில் எழுத்தில் ஒரு நினைவூட்டல், பிறகு வட்டிக் கணக்கோடு இன்னொன்று அனுப்பச் சொல்வேன். வட்டித் தொகையைக் காகிதத்தில் பார்த்ததும் கோப்பு நகர்ந்த சம்பவங்கள் உண்டு. நகராவிட்டால், புகார் மனுவோடு வைக்க அந்த இரண்டு கடிதங்களும் கையில் இருக்கும்.